தீர்ந்தது

காஸ்ட்ரோவில் வியாழக்கிழமை என்றால் மழை.
மற்ற நாட்களிலும் மழைதான்.
வியாழக்கிழமை மழையில் மட்டும் நான்
மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு
தீயணைப்பு நிலையத்துக்குப் போகிறேன்.

வண்டிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு நீள மேசை.
ஒரு முனையில் லினக்ஸ்காரர்கள்,
மறுமுனையில் காயப்போட்ட கையுறைகள்.
பாதிப் பேர் இரண்டுக்கும் சொந்தம்.
சம்பளமில்லாமல் நெருப்பை அணைக்கிறவர்களுக்கு
சம்பளமில்லாமல் பிரிண்டரைத் திருத்துவது
பெரிய காரியமாகத் தோன்றாது போலும்.

என் குறை இது:
அப்டேட் முடிந்து எழுந்த கணினிக்கு
வைஃபை என்றால் என்னவென்றே தெரியவில்லை.
பேருந்து நிலையத்தில் சீட்டு விற்கிறவள் நான்.
திங்கட்கிழமைக்குள் கணக்கு அனுப்பியாக வேண்டும்.

கார்கமோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
டெர்மினலைத் திறந்து ஏதோ அடித்தார்.
கடவுச்சொல்லைப் போடுங்கள் என்றார்.
தட்டினேன். ஒரு புள்ளிகூட விழவில்லை.
கீபோர்டும் போச்சு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"காட்டிக்கொள்ளாது. ஆனால் கேட்டுக்கொள்ளும்."

பிறகு இன்னொரு கட்டளையில் பாதி அடித்தார்.
சைரன் அலறியது.

ஒன்பது பேரில் ஐந்து பேர் இல்லை.
நாற்காலி ஒன்று இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.
என் திரையில், முடியாத சொல்லுக்கு அருகில்,
கர்சர் மட்டும் துடித்தபடி.

மிச்சம் நான்கு பேர்:
நான்,
கடலில் முங்கிச் சிப்பி எடுக்கும் மில்லலோன்கோ,
பள்ளிச் சீருடை மாற்றாமல் வந்த ஃபிரெசியா,
எதற்கும் ஒருமுறை அணைத்துப் போடுவோமே என்கிற
பாதிரியார் ஒருவர்.

அலமாரியில் ஒரு நோட்டு உண்டு.
யாருக்கு என்ன கெட்டது, எப்படிச் சரியானது.
ஃபிரெசியா புரட்டினாள்.
அதே கணினி, அதே வைஃபை கார்டு, அதே குறை,
இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.
எதிரே ஒரே சொல்: தீர்ந்தது.
கீழே கார்கமோவின் கையெழுத்து.

எது ஐயா தீர்ந்தது?
பிரச்சினையா, பொறுமையா,
பேனாவில் மையா?

பாதிரியார்தான் பிழைச் செய்தியை
முதல் வரியிலிருந்து கடைசி வரை
ஞாயிற்றுக்கிழமைக் குரலில் வாசித்தார்.
அதுவரை நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை.
புதுக் கர்னல் வந்திருக்கிறது,
அதற்குரிய ஹெடர் கோப்புகள் வரவில்லை.
அவற்றை இறக்க இணையம் வேண்டும்.
இணையத்துக்குத்தானே இத்தனையும்.

மில்லலோன்கோ தன் போனை எடுத்து
கேபிளால் என் கணினியில் செருகினார்.
"படகில் காற்று, அடியில் நான், நடுவில் ஒரு குழாய்.
தினமும் இப்படித்தான் மூச்சு விடுகிறேன்."

கார்கமோவின் பாதிக் கட்டளையை அழிக்க
எனக்குக் கை வரவில்லை.
ஃபிரெசியா அழித்தாள்.
அது வேறொரு கார்டுக்கானது என்றாள்.

பதினொன்றே முக்காலுக்கு மூலையில் பெயர்கள் வந்தன:
ரொட்டிக்கடை, மருந்துக்கடை,
பூட்டுப் போட்ட யாரோ ஒருவர்.
யாரும் கைதட்டவில்லை.
வண்டி இன்னும் திரும்பியிருக்கவில்லை.
ஃபிரெசியாவை அவள் அப்பா வந்து அழைத்துப் போனார்.
நோட்டில் நான் எழுத ஆரம்பித்தேன்,
ஆறு வரி, கேபிளையும் சேர்த்து.

இரண்டு மணிக்கு வந்தார்கள்.
புகை வாசனை அவர்களுக்கு முன்னால் வந்தது.
"வந்ததா?" என்றார் கார்கமோ.
"வந்தது. அங்கே?"
"சமையலறை மட்டும் போச்சு. ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள்."

திட்டுவதற்கென்று வைத்திருந்த நோட்டை
அவர் பக்கம் தள்ளினேன்.
தன் ஒற்றைச் சொல்லை நெடுநேரம் பார்த்தார்.
"அன்றைக்கும் சைரன் அடித்திருக்கும்" என்றார்.
உண்மையோ, சமாளிப்போ.

பிறகு என் ஆறு வரிகளையும்
விரல் வைத்து, ஒவ்வொன்றாக, படித்தார்.
நாலாவது வரி கரியில் மறைந்துபோயிற்று.
அடியில் அதை மட்டும் இன்னொரு தரம் எழுதினேன்.